ஈசானி மூலைக் காங்கிரீட்

காங்கிரீட் ஒரு கூட்டுக் குடும்பம். ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர் என்று நான்கு பேர் ரொம்பக் காலமாக ஒன்றாக இருக்கிறார்கள். அவர்களுக்குள் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. ஐந்தாவதாக ஒரு கெமிக்கல் வந்து சேர்ந்தது. சேர்ந்த நாளிலிருந்து எது விரிசல் விட்டாலும் எது ஒழுகினாலும் அதன் தலையில்தான் விடிகிறது. ஜல்லியில் தூசி அப்பியிருந்தாலும் கெமிக்கல்தான் காரணம். தண்ணீரை ஓஸ் வைத்துப் பீய்ச்சினாலும் கெமிக்கல்தான் காரணம். மொத்தத்தில் வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளையின் நிலைமை.

நிலவனுக்கு இந்த நிலைமை உள்ளும் புறமும் தெரியும். தட்டாஞ்சாவடியில் காங்கிரீட் கெமிக்கல் தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. கேனைத் தூக்கிக்கொண்டு சைட் சைட்டாகப் போய், எவ்வளவு ஊற்றுவது என்று காட்டிவிட்டு வருவான். பிறகு அதே சைட்டுகளுக்குத் திட்டு வாங்கப் போவான். அதுபோக, கிருஷ்ணசாமி மேஸ்திரியின் மகள் கலைமகளைக் கட்டியிருந்தான். ஆக, கெமிக்கலும் அவன்தான், மாப்பிள்ளையும் அவன்தான்.

அன்று காலை கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கலைமகளின் போன் வந்தது.

"ஏங்க, அப்பா உங்கள சைட்டுக்கு வரச் சொன்னாரு."

"என்கிட்டயே சொல்றதுக்கு இன்னா?"

"உங்ககிட்ட கோவமா பேசக்கூடாதாம். மாப்ளயாம். அதான் கோவத்தயெல்லாம் என்கிட்ட பேசிட்டு, உங்ககிட்ட மரியாதயா சொல்லச் சொன்னாரு."

"சரி, மரியாதயா சொல்லு."

"ஞாயித்துக்கிழம போட்ட தளம் ஒரு மூலையில இன்னும் இறுகலயாம். வெரல வெச்சா உள்ள போவுதாம்."

"எவ்ளோ உள்ள?"

"அத நீங்களே வந்து வெரல வுட்டுப் பாத்துக்கணுமாம்."

நிலவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வண்டியைத் திருப்பினான். இந்திரா காந்தி சிலை சிக்னலில் பச்சை விழுந்தும் பின்னால் ஹாரன் அடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தான்.

காரணம் இருந்தது. ரெட்டியார்பாளையத்திலிருந்து மூலக்குளம் வரைக்கும் கிருஷ்ணசாமி போட்ட தளம் என்றால் ஒழுகாது என்று ஒரு பெயர். வீடு விற்கிறவர்கள் கூடப் பத்திரத்தைக் காட்டுவதற்கு முன்னால் மேஸ்திரியின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரைத் தவிர அவர் பெரிதாக எதையும் சம்பாதித்து வைக்கவில்லை. ஜல்லி விஷயத்தில் அவர் ராட்சசர். தட்டையாகவும் ஊசியாகவும் இருக்கிற கல்லைக் கண்டால் லாரியோடு திருப்பி அனுப்புவார். தூசி போகக் கழுவாமல் ஒரு சட்டி ஜல்லியை மிஷினில் போட விட மாட்டார். இவ்வளவையும் செய்துவிட்டு, கடைசியில் கலவை ரசம் மாதிரி ஓடும்வரை தண்ணீரை ஊற்றுவார். அங்கேதான் நிலவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாமா, சிமென்ட்டு குடிக்கிற தண்ணி கொஞ்சந்தான். மிச்சத் தண்ணி காஞ்சி போயிடும். அது இருந்த எடம் பூரா ஓட்ட ஓட்டயா நிக்கும். அந்த ஓட்டயிலதான் பலம் போவுது. இந்தக் கெமிக்கல ஊத்துனா கம்மித் தண்ணியிலயே கலவ ஓடும்" என்று தீபாவளிக்குச் சொன்னான், பொங்கலுக்குச் சொன்னான், மச்சினி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சொன்னான். மாமனார் பாயசத்தைக் குடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், புதிதாகக் கட்டுகிற ழனெத் மதாம் வீட்டுத் தளத்துக்கு, "மாப்ள ஆசப்படுறாரு, ஒரு வாட்டி ஊத்திப் பாப்போம்" என்று ஒத்துக்கொண்டார். அவருடைய பெயரைத் தூக்கி அவன் கையில் கொடுத்தது மாதிரிதான் அது. இப்போது அதில் விரல் உள்ளே போகிறது.

சைட்டில் ழனெத் மதாம் கைப்பிடி இல்லாத மாடிப்படியின் நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து காலமானவர். பென்ஷன் இவருக்கு வருகிறது. மகன் லியோனில் இருக்கிறான். தனியாக வந்து சொந்த ஊரில் இருக்கப்போகிறேன் என்று பிடிவாதமாகக் கட்டுகிற வீடு.

"மோன் தியே, கடவுளே! வந்தியா தம்பி? எங்க வீட்டு மேல புட்டிங்கு செஞ்சி வெச்சிருக்கீங்களே, அதப் போயி பாரு!"

மேலே கிருஷ்ணசாமி காலிக் கெமிக்கல் கேன் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தாள் வீராயி தளத்தில் கட்டிய பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள" என்றார் கிருஷ்ணசாமி, மரியாதையாக. பிறகு கேன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, உன்ன நம்பித்தான எறக்கினேன்? என் சைட்டுல இதுவரைக்கும் எவனாவது இப்டி ஒரு வேல காட்டியிருப்பானா? வாயத் தொறந்தா மட்டும் பலம், பலம்னு பேசத் தெரியுதே!"

கேன் திட்டை வாங்கிக்கொண்டது. நிலவனும்.

"தம்பிய ஏன் மேஸ்திரி திட்றீங்க?" என்றாள் வீராயி.

"நான் எங்கடி மாப்ளயத் திட்டினேன்? கேனத் திட்றேன்."

நிலவன் வடகிழக்கே, இறுகாத ஈசானி மூலைக்குப் போய்க் குத்துக்காலிட்டான். ஒரு ஆணியை எடுத்து அழுத்தினான். வெண்ணெயில் போவது மாதிரி இல்லை, ஆனால் ஆறிப்போன களியில் போவது மாதிரி போனது. கொஞ்சம் தள்ளிக் குத்தினான். போனது. இன்னும் தள்ளினான். டங் என்றது. ஆணியின் முனை மழுங்கிவிட்டது. அங்கிருந்து தளம் முழுக்கக் குத்திக்கொண்டே போனான். எங்கும் டங். ஒரு கயிற்றுக் கட்டிலைப் போடுகிற அளவுக்கு அந்த மூலை மட்டும்தான் இறுகவில்லை. கோடு கிழித்த மாதிரி எல்லை தெரிந்தது.

"மாமா, ஜல்லி எல்லாம் ஒரே குவியல்தான?"

"ஒரே குவியல். கழுவுனது."

"எம்-சாண்டு மணலு?"

"ஒரே லோடு."

"சிமென்ட்டு?"

"ஒரே கடை, ஒரே தேதி. நீங்க சுத்திச் சுத்தி வர வேணாம் மாப்ள. புதுசா வந்தது கேன் ஒண்ணுதான்."

"கேனும் ஒரே சரக்குதான் மாமா. அது கெட்டுப்போயிருந்தா தளம் பூராவும்ல நொளநொளன்னு இருக்கணும்? மூலையில மட்டும் எப்டி?" நிலவன் எழுந்தான். "மொதக் கலவய எங்க கொட்டினீங்க?"

"ஈசானி மூலையிலதான். வேற எங்க கொட்டுவாங்க?"

"அந்த மொதக் கலவையில இன்னா போட்டீங்க?"

சட்டென்று மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்தார்கள். கிருஷ்ணசாமி மேற்கே சர்ச் கோபுரத்தைப் பார்த்தார். பின்னாலேயே ஏறி வந்திருந்த மதாம் குடையைப் பார்த்தார். வீராயி ஓஸ்ஸை மடக்கித் தண்ணீரை நிறுத்தினாள்.

தளம் போடுகிற அன்றைக்கு மிஷினுக்குப் பூஜை போட்டு, முதல் கலவையில் இனிப்பும் பாலும் விடுவது கிருஷ்ணசாமியின் வழக்கம். நிலவனுக்கு அது தெரியும். ஆனால் பூஜை நடந்த நேரத்தில் அவன் கீழே வண்டியிலிருந்து அடுத்த கேனை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"கல்கண்டு போட்டேன்" என்றார் கிருஷ்ணசாமி. "ஒரு கை. எல்லா வீட்டுக்கும் போடுறதுதான்."

"உங்க கையா மாமா?" அவர் கை ஒரு கை இல்லை, அரைச் சட்டி.

"பால் ஊத்தச் சொன்னாரு மேஸ்திரி" என்றார் மதாம். "பால் எங்களுக்கு வழக்கமில்ல. ஃபாதர் மந்திரிச்ச தண்ணி தெளிச்சேன். அது மட்டும் போதுமா? வீடு இனிக்கணுமே. பையன் எடுத்தாந்த சிரோ இருந்துச்சி, கிரெனதின் சிரோ. அதுல ஒரு கிளாஸ் ஊத்துனேன்."

"ஒரு கிளாஸ் சர்பத்தா!"

"பெரிய கிளாஸ் இல்ல தம்பி. தண்ணி குடிக்கிற கிளாஸ்."

"அக்கா, நீங்க?"

"எல்லாரும் போடுறாங்க, நான் மட்டும் கைய ஆட்டிக்கிட்டு நிக்கவா?" என்றாள் வீராயி. "சர்க்கரப் பொங்கலுக்கு வெச்சிருந்த வெல்லத்துல ஒரு உருண்ட போட்டேன். என் பேத்திக்கும் ஒரு வூடு அமையட்டும்னு."

நிலவன் தலையில் கை வைத்துக்கொண்டு பாத்தி வரப்பில் உட்கார்ந்தான். பேண்ட் நனைந்தது. நனையட்டும்.

உலகத்தில் கோடிக்கணக்கில் செலவழித்து ஆராய்ச்சி செய்து, சிமென்ட் சீக்கிரம் இறுகாமல் இருக்க எத்தனையோ கெமிக்கல் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தாத்தா மளிகைக் கடைச் சர்க்கரைதான். சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து வேலையைத் தொடங்கும்போது சர்க்கரை போய் ஒவ்வொரு துகள் மேலும் போர்வை மாதிரி போர்த்திக்கொள்ளும். துகள் தூங்கிவிடும். கலவை லாரி வழியில் மாட்டிக்கொண்டால் சில டிரைவர்கள் டிரம்முக்குள் சர்க்கரையை அள்ளிப் போடுவது அதற்காகத்தான். ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு ஒரு சிட்டிகை தாங்கும். இங்கே கல்யாணப் பந்தியே நடந்திருக்கிறது.

இதையெல்லாம் அவன் விளக்கினான். பொறுமையாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"அப்ப வீடு இனிக்கணும்னு நெனச்சது பாவமா?" என்றார் மதாம், கண் கலங்கி.

"பாவமில்ல மதாம். வீட்டுக்கு இனிப்பு குடுங்க. சிமென்ட்டுக்குக் குடுக்காதீங்க."

"எனக்கு இந்தத் தளமே வேணாம். முழுசா உடைங்க. இது கீழ நான் படுக்க மாட்டேன்."

கிருஷ்ணசாமி எழுந்து நின்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கேன் மேல தப்பில்லன்னா தப்பு என் மேலதான்" என்றார் மெதுவாக. "நானே உடைச்சி எடுத்துடறேன் மதாம். இதோட இந்த வேலயயும் வுட்டுடறேன். கிருஷ்ணசாமி தளம் இறுகலன்னு பேரு வாங்கிக்கிட்டு இன்னொரு வூட்ல போயி எப்டி நிக்கிறது?"

இந்த இடத்தில் நிலவன் ஒன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பூஜைக்கு முன்னால், மாமனார் முதன்முதலாகக் கெமிக்கல் போட்ட கலவையைப் பார்க்கப்போகிறாரே, பார்த்து அசந்துபோகட்டுமே என்று, முதல் கலவைக்கான அளவைவிட இன்னும் கொஞ்சம் தாராளமாக அவன் ஊற்றியிருந்தான். கெமிக்கல் மிஞ்சினாலும் கலவை இறுகத் தாமதமாகும். சைட் சைட்டாகப் போய் மற்றவர்களுக்கு அவன் சொல்கிற முதல் பாடமே அதுதான்.

சொல்லாமல், "பொறுங்க மாமா" என்றான். "சர்க்கர போர்வதான். கலைஞ்சா சிமென்ட்டு எழுந்துக்கும். ஈரம் காயாம சாக்குப் போட்டு மூடி வெப்போம். ஒரு வாரம் பாப்போம். கீழ தளத்தத் தாங்குற முட்டு எதயும் யாரும் தொடக்கூடாது."

நிலவனுக்கு வந்த அந்த ஒரு வாரம் யாருக்கும் வரக்கூடாது. கிருஷ்ணசாமி விடிந்ததும் சைட்டுக்குப் போய்ச் சாக்கை விலக்கிக் கட்டைவிரலால் அழுத்துவார். பிறகு மகளுக்குப் போன் போடுவார். கலைமகள் பல் விளக்கிக்கொண்டிருக்கிற புருஷனிடம் வந்து அறிவிப்பாள்.

"இன்னிக்குப் பாதி நகந்தான் உள்ள போச்சாம்."

"நல்ல விஷயந்தான்."

"நல்ல விஷயமான்னு கேக்கச் சொன்னாரு."

"ஆமான்னு சொல்லு."

"நீங்களே சொல்லிக்குங்க. எனக்கு எங்கப்பா நகத்த அளக்கிறதத் தவிர வேற வேல இல்லியா? தோச கருகுது அங்க."

மதாம் தன் பங்குக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டார். மந்திரித்த தண்ணீரால் ஏதாவது ஆகுமா? ஆகாது மதாம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் சர்க்கரை முறியுமா? ஐயோ, கம்பி துருப்பிடிக்கும் மதாம், தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள். எலுமிச்சம்பழம்? இதற்கு நிலவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நேராகப் போனே போட்டான்.

அடுத்த திங்கள்கிழமை ஆணி வளைந்தது. கிருஷ்ணசாமி வளைந்த ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகளுக்குச் சொல்லாமல் நேராக மாப்பிள்ளைக்கே போன் செய்தார். "கல்லு மாப்ள! கல்லு!" மதாம் எல்லோருக்கும் கத்தோ என்று ஒரு கேக் செய்து கொடுத்தார். வீராயி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இதுல சர்க்கர கம்மி" என்றாள். மாமனார் அடுத்த வீட்டுத் தளத்துக்கும் கேன் வேண்டும் என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னார். எல்லாம் சுபம். கதையை இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் நிலவனுக்கும் ஆசையாக இருந்தது.

ஆனால் இறுகுவது வேறு, பலம் வருவது வேறு.

முட்டுகளையும் பலகைகளையும் எடுத்துச் சென்ட்ரிங் பிரிக்கிற நாள் அன்று நிலவன் கம்பெனியிலிருந்து ஒரு கருவியைக் கடன் வாங்கி வந்தான். தடித்த டார்ச் லைட் மாதிரி இருக்கும். உள்ளே ஸ்பிரிங். காங்கிரீட் மேல் செங்குத்தாக வைத்து அழுத்தினால் ஒரு குண்டு அடித்துவிட்டுத் துள்ளும். எவ்வளவு உயரம் துள்ளுகிறதோ அவ்வளவுக்கு மேற்பரப்பு கெட்டி. தளத்தின் நடுவில் வைத்தான். முள் நன்றாக ஏறியது. தெற்கே வைத்தான். ஏறியது. ஈசானி மூலையில் வைத்தான். சோம்பேறி மாதிரிக் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. இடம் மாற்றி மாற்றி அடித்தான். எல்லா இடத்திலும் அதே சோம்பல். உளி வைத்து ஓரத்தில் லேசாகத் தட்டினான். கெட்டியான தளத்தில் ஜல்லியே உடையும். இங்கே ஜல்லி முழுசாகப் பெயர்ந்து வந்தது, பலாச்சுளையிலிருந்து கொட்டை கழன்று வருவது மாதிரி.

அவனைத் தவிர யாருக்கும் இது தெரியாது. பூசிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. ஒருவேளை காலத்துக்கும் நிற்கலாம். ஒருவேளை நிற்காமலும் போகலாம். அந்த மூலைக்குக் கீழேதான் ழனெத் மதாமின் கட்டில் வரப்போகிறது.

வெளிப்பக்க ஏணியில் ஏறி வந்த கிருஷ்ணசாமி, "இன்னா மாப்ள, பிரிக்கலாமா?" என்றார்.

"மாமா, மத்த எடம் பூரா பிரமாதம். இந்த மூலைய மட்டும் உடைச்சிட்டுத் திரும்பப் போடணும்."

அவர் சிரித்தார். பிறகு அவன் சிரிக்காததைப் பார்த்தார்.

"உடைக்கிறேன்னு நான் சொன்னப்ப வேணாம்னீங்க."

"ஆமா."

"இறுகும்னீங்க. இறுகிடுச்சி."

"இறுகிடுச்சி மாமா. பலம் வரல."

"ஊரு பூரா கல்லுன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்யா!" குரல் தெரு வரைக்கும் போனது. கேன் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நேராக அவன் முகத்தைப் பார்த்தார். "உடைக்கும்போது உடைக்காதங்கிற, நிக்கும்போது உடைங்கிற! யோவ், உனக்கு இன்னாதான்யா வேணும்? இன்னிக்கு இத உடைச்சா இந்தத் தெருவுல நான் எப்டி நடப்பேன்? என் பேர வெச்சி வெளயாடுறியா நீ?"

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. நிலவனுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லித் திட்டை மொத்தமாக வாங்கிக்கொள்வது நல்லது என்று பட்டது.

"மாமா, கல்கண்டு, சர்பத்து, வெல்லத்தோட முடியல. அந்த மொதக் கலவையில நானும் கெமிக்கல அளவுக்கு மேல ஊத்தினேன். கலவ தண்ணி மாதிரி ஓடறத நீங்க பாக்கணும்னு. உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு."

கிருஷ்ணசாமி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். பெயர்ந்து கிடந்த ஜல்லியைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். கழுவிய கல். அதில் ஒரு குறையும் இல்லை. ஒட்டியிருந்த சிமென்ட்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். மாவு மாதிரி உதிர்ந்தது. கல்லைப் போட்டுவிட்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டார்.

நிலவன் சிறிது நேரம் கழித்துக் கீழே இறங்கினான். மதாம் வாசலில் நின்று கேட்டார்.

"மேஸ்திரி கோவமா போனாரே, கரண்டு கம்பத்துக்கிட்ட நின்னுக்கிட்டு தனியா பேசிக்கிறாரு. இன்னா ஆச்சி?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். மதாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஒரு கிளாஸ் சிரோ" என்றார். "ஒரு கிளாஸ்." பிறகு, "அவரு இனிமே வருவாரா?" என்றார். நிலவனுக்குத் தெரியவில்லை. முட்டுகளுக்கு நடுவில், பாதி இருட்டில், சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தான். வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று யோசித்தான். இருக்கிற முகத்தில் எதுவும் சரிப்படவில்லை.

அப்போது தலைக்கு மேலே ணங் என்று ஒரு அடி விழுந்தது.

மதாம் அலறினார். நிலவன் வெளியே ஓடி நிமிர்ந்து பார்த்தான். வெளிப்பக்க ஏணியில் எப்போது ஏறினாரோ, ஈசானி மூலையில் கிருஷ்ணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மட்டியோடு நின்றார், பக்கத்தில் வீராயி. தெருவில் இரண்டு பேர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"இன்னா மேஸ்திரி, போட்ட தளத்த உடைக்கிறீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"சரியா வரல, உடைக்கிறேன்" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார் கிருஷ்ணசாமி. "நல்லா இருந்தா உடைப்பனா? நான் போட்டது, நான் உடைக்கிறேன். பாக்கிறதுன்னா மேல வந்து பாருங்க. மத்த எடத்தயும் தட்டிப் பாத்துட்டுப் போங்க."

நிலவன் ஏணியில் கால் வைத்தான்.

"மேல வர வேணாம் மாப்ள. கம்பி அடி படாம நானும் வீராயியும் பாத்துக்குறோம். கீழ முட்டு ஆடுதான்னு மட்டும் பாருங்க."

மறுபடி 'ங்க' வந்துவிட்டது. நிலவனுக்கு அதில் ஏனோ லேசான ஏமாற்றம். முட்டுகளுக்கு நடுவில் போய் நின்றான். போன் அடித்தது.

"ஏங்க, இன்னா சத்தம் அது? அப்பா அங்க இன்னா பண்றாரு?"

"உடைக்கிறாரு."

"யார?"

"மூலைய."

கலைமகள் மூச்சு விட்டது போனில் தெளிவாகக் கேட்டது. "அப்ப ரெண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்தாரேன். தேங்காய்த்திட்டுல வவ்வாலு மீனு கெடச்சுது. அப்பா உங்கள திட்டினாரா?"

"திட்டினாரு. நேரா."

"நேராவா! கேன் இல்லாமயா?"

மேலே ஒரு அடி பலமாக விழுந்தது. சென்ட்ரிங் பலகை இடுக்கு வழியாகச் சிமென்ட் தூள் கொட்டி நிலவனின் தலையிலும் தோளிலும் படிந்தது. வாய்க்குள் போனதைத் துப்பினான்.

"மாப்ள! முட்டு ஆடுதா?"

"ஆடல மாமா."

"எதுக்கும் புடிச்சிக்குங்க."

முட்டு அசையாமல்தான் நின்றது. யாரும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நிலவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.